பதில் கை

எங்கள் தெருவில் யாராவது ஓடினால் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் படகு?" என்பதுதான். வேறு எதற்காகவும் இங்கே யாரும் ஓடுவதில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டால்கூட நடையைத்தான் எட்டிப் போடுவார்கள். ஓட்டம் என்றால் கடலில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே, ஊரே இன்ஜின் என்று கூப்பிடுகிற அந்தப் பையன் முதன்முதலாக ஓடிப் பழகிய விடியற்காலையில் நடந்த கூத்துக்கு ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. பனியனும் அரைக்கால் சட்டையுமாக அவன் தெருவோடு ஓட, வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு பின்னாலேயே ஓடினார்கள். ஒருவர் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் கொண்டையை முடிந்தபடியே வந்தார்கள். வலைக்கூடத்து முனையில் அவனை மடக்கி, மூச்சிரைக்க, "எந்தப் படகுடா?" என்று கேட்டால், அவன் முழிக்கிறான்.

"படகெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா ஓடுறேன்."

"சும்மான்னா?"

"சும்மாதான். உடம்புக்கு."

கயிறு கொண்டுவந்தவர் அதாலேயே அவனுக்கு இரண்டு வைத்திருப்பார். பெண்கள்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். அதன் பிறகு அவன் செருப்பில்லாத காலால் தெருவில் தடதடவென்று போகும்போது யாரும் தலை தூக்கவில்லை. "இன்ஜின்தான் ஓடுது, படு" என்று புரண்டு படுத்துக்கொண்டார்கள்.

நான் அவன் வீட்டு மாடியில் குடியிருப்பவன். ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் பார்க்கிற வேலை. எத்தனையோ வருஷமாக இங்கேயே கிடக்கிறேன், ஆனாலும் கடலுக்குப் போகாதவன் என்பதால் இன்னும் வெளியாள்தான். "ஐஸ்காரரே" என்பதற்கு மேல் எனக்கு ஒரு பேர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கீழே முன்னறையில் இன்ஜினும் அவன் மனைவியும், பின்னறையில் அவன் அண்ணன். அண்ணன் படகில் சுக்கான் பிடிப்பவர், அதனால் ஊருக்கு அவர் சுக்கான். தம்பி அதே படகில் இன்ஜின் பார்ப்பவன். வேலையே பேராக ஒட்டிக்கொண்டுவிட்டது. சுக்கானின் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவர் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பி மனைவி போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். அவள் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிறவள். ஐஸில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். கணவனின் அண்ணனை அவள் மாமா என்று கூப்பிடுவாள். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருந்தார்கள். அதை வாய்விட்டுச் சொல்வதற்குப் பதிலாக நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

போன மழைக்கு முன்னால் நடுக்கடலில், இன்ஜின் அறைக்குள் அவன் மயங்கி விழுந்தான். "இன்ஜின் நின்னு போச்சு, ஆனா இன்ஜின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்று பிற்பாடு சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீசல் புகைக்குள்ளிருந்து அவனைத் தோளில் போட்டு மேலே ஏற்றியவர் அண்ணன்தான். ஆஸ்பத்திரியில் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அப்புறம் அவன் வலைக்கூடத்தில் உட்கார்ந்தான். கண் மங்கியவர்களும் இடுப்பு போனவர்களும் உட்கார்ந்து கிழிந்த வலைக்கு ஒட்டுப் போடுகிற இடம் அது. உட்கார்ந்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். நல்ல காற்றும் வரும். வயதானவனுக்குச் சொர்க்கம், வயசுப்பிள்ளைக்கு ஜெயில். படகில் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தான். கொஞ்ச நாளிலேயே ஊர் அந்தப் புதியவனை இன்ஜின் என்றும் இவனைப் பழைய இன்ஜின் என்றும் கூப்பிட ஆரம்பித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவன் மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, "பழைய இன்ஜின என்ன பண்ணுவாங்க ஐஸ்காரரே?" என்று கேட்டான்.

"கழட்டி வச்சிருப்பாங்க. சமயத்துக்கு ஆகும்னு."

"இல்ல. எடைக்குப் போடுவாங்க" என்றான்.

அந்த வாரமே சாப்பாட்டு நேரத்தில் பேச்சு முற்றியது. நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் பேசுவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்பதால் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"அண்ணே, நாளைக்கு நானும் வர்றேன்."

"எங்க?"

"எங்கன்னா? கடலுக்குத்தான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா படகு ஓட்டுறாரு?"

"அவரு ஓட்டல. நான் ஓட்டுறேன். நான் சொல்றேன், வேணாம்."

"மாத்திரை போடுறேன்ல? சோறு எறங்குது. தூக்கம் வருது. வேற என்ன வேணும் உனக்கு? எழுதிக் குடுக்கணுமா?"

"டேய், அன்னைக்கு உன்னத் தோள்ல போட்டப்ப நீ எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. ஈர மூட்டை கணக்கா இருந்தே. எனக்குத் தெரியும். இன்னொரு தடவ என்னால தூக்க முடியாது."

"வயசாயிருச்சுன்னு சொல்லு."

"ஆமா, வயசாயிருச்சு. போதுமா?"

தட்டு நகரும் சத்தம் கேட்டது. அவள், "சாப்பிடறப்பவாவது வாயை மூடுங்களேன் ரெண்டு பேரும்" என்றாள். மீன் வறுத்த எண்ணெய் இன்னும் அடுப்பில் சடசடத்துக்கொண்டிருந்தது.

"நான் என்ன செஞ்சா நம்புவே?" என்று தம்பி விடாமல் கேட்டான்.

துறைமுகச் சங்கத்துக்காரர்கள் அந்த வருஷம் மாரத்தான் ஓட்டம் வைப்பதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து வளைகுடாவைச் சுற்றி, கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பி வரவேண்டும். பஸ்ஸில் போனாலே இடுப்பு கழன்றுவிடுகிற தூரம். கல்லைத் தூக்கி வானத்தில் ஒட்டிவிட்டு வா என்று சொல்வதுபோல அண்ணன் சொன்னார்:

"அந்த மாரத்தான ஓடி முடிச்சுட்டு வா. மறுநாளே உன்னப் படகுல ஏத்துறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எப்படா மாறுனேன்?"

"மாமா, நீங்க வெளையாட்டுக்குச் சொல்றீங்க" என்றாள் அவள். "இவரு நெசமா எடுத்துக்குவாரு."

எடுத்துக்கொண்டான். மறுநாள்தான் நான் முதலில் சொன்ன கூத்து.

டாக்டரிடம் கேட்டாயா என்று நானும் ஒருநாள் கேட்டேன். "நடக்கச் சொல்லியிருக்காரு. ஓடுறதுன்னா என்ன, கொஞ்சம் அவசரமா நடக்கிறதுதானே" என்றான். அவன் மனைவி முதலில் அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், சோறு போடாமல்கூட இருந்து பார்த்தாள். பிறகு அவளே முட்டை அவித்துக் கொடுத்தாள். தன் அக்கா மகனிடமிருந்து பழைய கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். அது பெரிதாக இருந்ததால் முன்னால் வலைநூலை உருட்டித் திணித்தாள். ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை. ஷெட்டுக்குப் போகும் வழியில் அவளே சொன்னாள்.

"ஓடிட்டு வர்றப்ப அவரு மூஞ்சியப் பார்த்திருக்கீங்களா அண்ணே? கல்யாணமான புதுசுல அப்படி இருந்தாரு. வலைக்கூடத்துல குந்தினதுலேருந்து அந்த மூஞ்சியக் காணோம். செத்துப் போயிருவாரோன்னு பயந்துதான் கடலுக்குப் போக வேணாம்னு அழுதேன். அங்க குந்தியே பாதி செத்துட்டாரே, அதுக்கு நான் எங்க போய் அழறது?"

இங்கே கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலில் படகுக்குப் படகு கத்தினால் கேட்காது. காற்று பாதியையும் இன்ஜின் சத்தம் மீதியையும் தின்றுவிடும். அதனால் இவர்கள் கையால் பேசுகிறார்கள். வலது கையை நேராக மேலே தூக்கி ஆட்டாமல் வைத்தால், "எல்லாம் நலம், நீ போ" என்று அர்த்தம். வலது கைதான், இடது கை எப்போதும் கயிற்றையோ கட்டையையோ பிடித்திருக்க வேண்டும் என்பது கடலுக்குப் போகிறவன் படிக்கும் முதல் பாடம். ஆபத்து என்றால் கை கிடையாது, துண்டு. தலைக்குமேலே துண்டு சுழன்றால், பார்த்தவன் போட்ட வலையை அறுத்துவிட்டாவது போக வேண்டும். நலம் என்று காட்டிய கைக்கு உடனே பதில் கை காட்ட வேண்டும். காட்டிவிட்டு அந்த இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால், "நீ சொன்னதை நான் நம்பவில்லை" என்று ஆகிவிடும்; அதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. கரையிலும் இதே சட்டம்தான். படகு துறைமுக வாய்க்காலுக்குள் நுழையும்போது முன்னால் நிற்கும் ஆண் கையைத் தூக்குவான். துறைமுகச் சுவர்மேல் நிற்கும் மனைவி கையைத் தூக்குவாள். அப்புறம் அவன் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். இறங்கி வீட்டுக்குப் போய் உலை வைப்பாள்.

ஓடத் தொடங்கி ஒரு மாதம் போல ஆனபோது, படகுகள் நிற்கும் துறைமுகக் குளத்துக்கு அந்தப் பக்கம் போகும் ரோட்டில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தான். அண்ணனின் படகு வெளியே போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் சரியான பேச்சில்லை. ரோட்டோரம் நின்று அவன் வலது கையைத் தூக்கினான். படகில் கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுக்கானுக்கு மேலே ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து அவன் மனைவி ஷெட்டில் எல்லோரிடமும் சொன்னாள். அன்று அவள் உரித்த இறாலில் பாதிக்கு வால் போகவில்லை என்று மேஸ்திரி கத்தினாராம்.

மாரத்தான் அன்று காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. ரோட்டை அடைத்துவிட்டதால் ஐஸ் வண்டிகள் வராது, ஃபேக்டரிக்கு லீவு. படகுகளும் போகவில்லை. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்திருந்தார்கள். பச்சையும் ஆரஞ்சுமாக ஷூக்கள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கையில் அடிக்கொரு தரம் பீப் பீப் என்று கத்தும் கடிகாரம். எங்கள் ஊரிலிருந்து ஓட நின்றது இன்ஜின் ஒருவன்தான். சட்டையில் எண் குத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றவன், வழக்கம்போலத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப்போனான்.

"இது எதுக்கு?" என்றாள் அவள்.

"இருக்கட்டும். வேர்வை தொடைக்க."

"கடலுக்கா போறீங்க? ஊர்ப்பட்ட சனம் பளபளன்னு வந்து நிக்குது. நீங்க மட்டும் டீசல் நாத்தத் துண்டோட ஓடுவீங்களா? போட்டோ வேற புடிக்கிறாங்க. குடுங்க இப்படி."

வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைக் கிள்ளப் போனான். நான் மாடிப்படியில் நிற்பதைப் பார்த்ததும் அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "முடியலன்னா வந்துருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். "அண்ணன் சொல்வாரு" என்றான் அவன்.

ஊரே துறைமுகச் சுவர்மேல் ஏறி நின்றது. திரும்பி வருகிறவர்கள் குளத்துக்கு அந்தப் பக்கத்து ரோட்டில்தான் வரவேண்டும். படகுக்கும் படகுக்கும் இருக்கிற இடைவெளி போல நடுவில் தண்ணீர். வெயில் எங்கள் முதுகில் ஏறிக்கொண்டே போனது. முதலில் வந்தவர்கள் காற்றாகப் பறந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்களை எங்கள் பெண்கள் விட்டுவைக்கவில்லை.

"இவரப் பாரு, முட்டைய இடுக்கிக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுறாரு."

"அந்தக் கண்ணாடிக்காரருக்கு வீட்டுல சோறு போட மாட்டாங்க போல. பொண்டாட்டி துரத்திவிட்டுருக்கா."

"நம்ம ஆளு எங்க?"

"டீசல் தீர்ந்துருக்கும்."

சுக்கான் நெற்றிக்கு மேலே கையை வைத்து ரோட்டின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிவானத்தில் புள்ளியாகத் தெரியும் படகை வைத்தே அதில் நிற்பது யார் என்று சொல்கிற கண் அவருடையது. ஓட்டம் மெலிந்து, ஒற்றை ஒற்றையாக ஆட்கள் நடக்க ஆரம்பித்த பிறகு அவர்தான் முதலில் சொன்னார்: "வர்றான்."

வந்தான். ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் வந்தான். எங்களுக்கு நேர் எதிரே வந்ததும் நின்றான். ரோட்டு ஓரத்துக்கு வந்து எங்கள் பக்கம் திரும்பி, ஒரு கையை நேராக மேலே தூக்கினான். ஆட்டவில்லை.

பிறகு கைகள் எழுந்தன. அந்தச் சுவர் முழுக்க, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை, கைகள். அவனுக்காக ஊரே பதில் கை காட்டியது. எல்லாவற்றையும்விட உயரமாகக் காட்டியவள் அவன் மனைவி. தோளில் துண்டு கிடந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். சுக்கானின் கை மெதுவாகத்தான் எழுந்தது. "முடிச்சுருவான் திருட்டுப்பய" என்றார். "நாளைக்கு ஏத்திக்கிறேன்."

எதிர்ப்பக்கம் கை இன்னும் கொஞ்சம் நின்றது. அப்புறம் இறங்கியது. அவன் திரும்பி, ஐஸ் ஃபேக்டரி வளைவை நோக்கிப் போனான்.

கை காட்டியாயிற்று. நின்றால் மரியாதை இல்லை. எல்லோரும் சுவரிலிருந்து இறங்கினார்கள். அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பெரிய பானையில் குளிக்க வெந்நீர் வைத்தாள். பெரிய மீன் ஒன்றை முதல்நாளே ஐஸில் பொத்தி வைத்திருந்தாள். அதை எடுத்துக் கழுவினாள். அண்ணன் பின்னறையில் தேடித் தம்பியின் மழைக்கோட்டை எடுத்துவந்து கொடியில் உதறிப் போட்டார். அது பூசணம் பூத்துக் கிடந்தது. "காயட்டும். நாளைக்கு வேணும்ல" என்றார்.

ஃபேக்டரிக் காவலாளி தெருவில் ஓடி வந்தபோது, வாசலில் நின்ற யாரோ பழக்கத்தில் கேட்டார்கள்: "எந்தப் படகு?"

அவர் எங்கள் வாசலைக் காட்டினார்.

ஃபேக்டரி வளைவில், வண்டி வராததால் ஆளே இல்லாத இடத்தில், ஐஸ்மேல் போடும் உமி மூட்டைகளுக்குப் பின்னால், ரோட்டிலிருந்து தெரியாமல் விழுந்து கிடந்தான். அவன் எவ்வளவு நேரம் அங்கே கிடந்தான் என்று யாருக்கும் தெரியாது. தாளம் தப்பிய இதயத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. உயிர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். ஓட்டக்காரர்களுக்கு உதவி செய்ய ரோட்டோரம் நிறுத்தப்பட்டிருந்த நர்சிங் மாணவி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, நான் அந்த ரோட்டுலதான் நின்னேன். வளைவுக்கு முன்னாடி."

"ம்" என்றாள் இன்ஜினின் மனைவி.

"அவரு கை தூக்கினாரு. பார்த்ததும் நான் பெட்டிய எடுத்துக்கிட்டு வர ஆரம்பிச்சேன்கா. சத்தியமா ஆரம்பிச்சேன்."

"எதுக்கு வந்தே?"

"கை தூக்கினாருல்ல? ஆரம்பிக்கிறப்பவே மைக்குல சொன்னோமே. முடியலன்னா ஓரமா நின்னு ஒரு கையத் தூக்குங்க, நாங்க வந்துருவோம்னு. திரும்பத் திரும்பச் சொன்னோம்கா."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுக்கான் தலையைத் தூக்கினார்.

"அப்புறம் ஏம்மா நீ வரல?" என்று நான்தான் கேட்டேன்.

"இந்தப் பக்கம் எல்லாரும் கையத் தூக்கினாங்க. சிரிச்சாங்க. அவரும் பார்த்துக்கிட்டே நின்னாரு, அப்புறம் போயிட்டாரு. சரி, சொந்தக்காரங்களுக்கு டாட்டா காட்டுறாருன்னு நெனச்சுட்டேன். நீங்கள்லாம் அவரு ஆளுங்கதானே, உங்களுக்குத் தெரியாதான்னு..."

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு சங்கத்துக்காரர்கள்மேல் வந்தது, மைக்மேல் வந்தது. எங்கே வைப்பது என்று தெரியாத கோபத்தை எத்தனை இடத்தில் வைத்துப் பார்த்தாலும் அது பொருந்தவில்லை. தன்னைத் தெரியாதவர்கள் நிறைந்த இடத்தில் கை தூக்கியிருந்தால் அவனை அந்தப் பெண் பிடித்திருப்பாள். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் எதிரே நின்றதுதான் வினையாகிவிட்டது. அவன் மனைவி தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அது அவள் தோளிலேயே கிடந்திருக்கிறது.

"இது இருந்திருந்தா சுத்தியிருப்பாரு" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் போட்டோம். இப்போது மழை வந்து போய், மறுபடி வெயிலும் வந்துவிட்டது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுகிறாள். புரட்டிப் போட்டு முதுகுக்குப் பவுடர் போடுகிறாள். ஷெட்டை விட்டு நின்றுவிட்டாள். விரல்கள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. சுக்கான் கடலுக்குப் போவதில்லை. வலைக்கூடத்தில் தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "தோணல" என்கிறார் கேட்டால். கொடியில் போட்ட மழைக்கோட்டை யாரும் எடுக்கவில்லை.

இன்ஜினுக்கு மிச்சமிருப்பது இடது கை. அதைத் தூக்குகிறான். தண்ணீர் வேண்டுமென்றாலும் தூக்குகிறான், வேண்டாமென்றாலும் தூக்குகிறான். ஜன்னலில் காக்கா உட்கார்ந்தாலும் தூக்குகிறான். ஆரம்பத்தில் அவள் அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு எங்களுக்குத்தானே காட்டினீங்க? நல்லா இருக்கேன், போங்கன்னுதானே? ஆமான்னா கையத் தூக்குங்க." கை எழும், அவள் முகம் மலரும். "இல்ல, அந்தப் பொண்ணக் கூப்பிட்டீங்களா? கூப்பிட்டீங்கன்னா தூக்குங்க." அதற்கும் கை எழும். சில நாளில் கேட்பதை விட்டுவிட்டாள். தனக்குத்தான் காட்டினான் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். ஷெட்டுப் பெண்கள் பார்க்க வரும்போது அப்படித்தான் சொல்வாள்: "நல்லாதான் இருந்தாரு. நமக்குக் கை காட்டுறப்ப நல்லாதான் இருந்தாரு. வளைவு தாண்டித்தான் வந்துருக்கு அது." அவர்கள் ஆமாம் என்பார்கள். ஆனால் சுவர்மேல் இப்போது வேறு வழக்கம் வந்துவிட்டது. படகில் வருகிறவன் கை காட்டினால் மனைவி பதில் கை காட்டுகிறாள், வீட்டுக்குப் போவதில்லை. அவன் இறங்கி, பக்கத்தில் வந்து, வாயைத் திறந்து ஏதாவது பேசும்வரை அங்கேயே நிற்கிறாள். எந்த ஆணும் கோபித்துக்கொள்வதில்லை.

நேற்று மத்தியானம் நான் கீழே முன்னறை பல்புக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவனுக்கு நகம் வெட்டினாள். சுக்கான் வாசற்படியில் இருந்தார். பாதி விரல்களுக்கு நகம் வெட்டியிருக்கும்போது, அவள் பிடியிலிருந்து கை உருவிக்கொண்டு மேலே போனது. நேராக, ஆடாமல். அவள் நகவெட்டியோடு அதை அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா."

"ம்."

"அன்னைக்கு எந்தக் கை?"

அவர் திரும்பவில்லை.

"மாமா, உங்களத்தான். சுவத்துலேருந்து பார்த்தோமே. எந்தக் கையத் தூக்கினாரு?"

"கையி... கைதாம்மா. என்ன இப்போ."

"எப்பவும் வலது கைதானே தூக்குவாரு?"

"வெயிலு கண்ணுல அடிச்சுதும்மா. சரியாத் தெரியல."

தெருவில் யாரோ ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் வந்து, தேய்ந்து போனது.

"வெயிலு நமக்கு முதுகுல இருந்துச்சு மாமா" என்றாள்.

அவர் புள்ளியளவு படகைப் பார்த்து ஆளைச் சொல்கிற கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, படியில் அப்படியே குனிந்துவிட்டார். அன்றைக்கே பார்த்திருக்கிறார். பார்த்தது மண்டைக்குள் போவதற்குள் கை எழுந்துவிட்டிருக்கிறது. இத்தனை நாளும் அதை அவளிடமிருந்து மறைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலது கை அப்போதே போய்விட்டது. வாயும் போய்விட்டது. துண்டும் இல்லை. இருந்த ஒரே கையைத் தூக்கி அவன் எங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

கட்டிலில் கை இன்னும் எழுந்தபடியே இருந்தது. அவள் நகவெட்டியைக் கீழே வைத்தாள். முட்டி போட்டு எழுந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"வந்துட்டேங்க" என்றாள். "வந்துட்டேன் பாருங்க. இறக்குங்க. வந்துட்டேன்ல, இறக்குங்களேன்."

அவள் பிடிக்குள்ளேயே அது மேலே போகப் பார்த்தது.